ஈஸ்டர் தேதி ஏன் நிற்பதே இல்லை? – வாசகர் கேள்வி பதில்

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலம் தொடங்கியதும் இந்தப் பகுதிக்கு ஈஸ்டர் பற்றிய கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் என்பதால் இந்த இதழ் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன். மற்ற கேள்விகள் அடுத்த இதழில்.

கேள்வி: 2024-ல் ஈஸ்டர் மார்ச் 31. போன வருஷம் ஏப்ரல் 20. இந்த வருஷம், 2026-ல், ஏப்ரல் 5. கிறிஸ்துமஸ் டிசம்பர் 25-ஐ விட்டு நகர்வதில்லை. ஈஸ்டருக்கு மட்டும் ஏன் இந்த அலைச்சல்? வருஷா வருஷம் யார் உட்கார்ந்து இதை முடிவு செய்கிறார்கள்?
– வாசகி, சூரமங்கலம்

பதில்: யாரும் உட்கார்ந்து முடிவு செய்வதில்லை அம்மா. விதி ஒன்று இருக்கிறது, அது தானாகத் தேதியைச் சொல்லிவிடும். மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு அடுத்து வரும் ஞாயிறு ஈஸ்டர். பௌர்ணமியே ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் அந்த ஞாயிறு கிடையாது, அடுத்த ஞாயிறு. இந்த வருஷம் பௌர்ணமி ஏப்ரல் 2, பெரிய வியாழன். ஆகவே 5-ம் தேதி ஈஸ்டர். போன வருஷம் பௌர்ணமி ஏப்ரல் 13 அன்று, குருத்து ஞாயிற்றிலேயே வந்துவிட்டது. அதனால்தான் ஒரு வாரம் தள்ளி 20-ம் தேதி கொண்டாடினோம்.

ஏன் இப்படி ஒரு விதி? ஆண்டவர் பிறந்த தேதியை நற்செய்தி நூல்கள் சொல்லவில்லை. திருச்சபை பின்னாளில் ஒரு தேதியைக் குறித்துக்கொண்டது, அது அப்படியே நின்றுவிட்டது. ஆனால் அவர் பாடுபட்டு இறந்த நாட்கள் எப்போது என்பதில் நான்கு நற்செய்திகளும் ஒரே இடத்தில் நிற்கின்றன: யூதர்களின் பாஸ்கா பண்டிகைச் சமயம். யூதர்களின் மாதம் அமாவாசை கழிந்து பிறை தெரியும்போது பிறக்கும். நிசான் மாதம் 14-ம் நாள் பாஸ்கா ஆட்டை அடிப்பார்கள். பிறையிலிருந்து பதினாலாவது நாள் என்றால் பௌர்ணமிதானே. அதுவும் குளிர் போய் வாற்கோதுமை முற்றுகிற இளவேனில் மாதத்துப் பௌர்ணமி. உயிர்த்தெழுந்ததோ வாரத்தின் முதல் நாள், ஞாயிறு. பருவம், நிலா, கிழமை இந்த மூன்றையும் கைவிடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றுதான் ஆதித் திருச்சபை பாடுபட்டது.

அதில் சண்டையும் வந்தது. சின்ன ஆசியாவில் (இன்றைய துருக்கிப் பகுதி) இருந்த சபைகள், எந்தக் கிழமையானாலும் 14-ம் நாளே கொண்டாடுவோம் என்றன. ரோமாபுரியில் ஞாயிறுதான் என்றார்கள். ஒரு ஊரில் உபவாசம் நடக்கும்போது இன்னொரு ஊரில் விருந்து நடந்தால் எப்படி இருக்கும்? 325-ம் ஆண்டு நிசேயாவில், இன்றைய துருக்கியில், கூடிய ஆயர்களின் சங்கம் எல்லாரும் ஒரே ஞாயிற்றில் கொண்டாட வேண்டும் என்று சொன்னது. வான கணிதத்தில் கெட்டிக்காரர்கள் எகிப்தில் அலெக்சாந்திரியா நகரத்தில் இருந்தார்கள். அந்த ஊர் ஆயர் வருஷந்தோறும் ஈஸ்டர் தேதியை மடலில் எழுதி அனுப்புவார். புனித அத்தனாசியார் எழுதிய அப்படிப்பட்ட மடல்கள் சில இன்றும் நம்மிடம் இருக்கின்றன.

இனி அலைச்சலுக்கு வருவோம். பன்னிரண்டு நிலா மாதங்களைக் கூட்டினால் சுமார் 354 நாள். நம் வருஷத்துக்கு 365. பதினோரு நாள் துண்டு விழுகிறது. எனவே ஈஸ்டர் பௌர்ணமி வருஷத்துக்கு 11 நாள் முன்னே வந்துகொண்டே இருக்கும். மார்ச் 21-க்கும் முன்னால் போய்விட்டால் அது செல்லாது, அடுத்த பௌர்ணமியை எடுக்க வேண்டும். அப்போது ஒரேயடியாக 19 நாள் பின்னுக்குத் தாவும். பாருங்கள்: 2024-ல் மார்ச் 25, 2025-ல் ஏப்ரல் 13, இந்த வருஷம் ஏப்ரல் 2, அடுத்த வருஷம் மார்ச் 22, அதற்கடுத்து 2028-ல் ஏப்ரல் 10. முன்னே, முன்னே, பிறகு ஒரு தாவல். இதற்கு மேல் ஞாயிற்றுக்காகக் காத்திருக்கும் நாட்களும் சேருவதால்தான் ஈஸ்டர் மார்ச் 22-லிருந்து ஏப்ரல் 25 வரை எங்கு வேண்டுமானாலும் வரலாம். இரண்டு ஓரங்களும் அபூர்வம். மார்ச் 22 கடைசியாக வந்தது 1818-ல், இனி 2285-ல்தான். ஏப்ரல் 25 கடைசியாக 1943-ல் வந்தது. அடுத்தது 2038-ல் வருகிறது, அதை நம்மில் பலர் பார்க்கலாம்.

கேள்வி: நாங்கள் முருகனுக்கு விரதம் இருக்கும் குடும்பம். பங்குனி உத்திரம் முடிந்த கையோடு எதிர்வீட்டு அக்கா பெரிய வெள்ளிக் கஞ்சி கொண்டுவந்து கொடுப்பார்கள். சில வருஷம் மட்டும் ஒரு மாதம் கழித்துக் கொடுக்கிறார்கள். இரண்டுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?
– வாசகர், அம்மாப்பேட்டை

பதில்: வழிபாட்டில் தொடர்பு இல்லை. வானத்தில் உண்டு. நீங்கள் கவனித்தது மிகச் சரி, பாராட்டுகிறேன்.

நம் பங்குனி சூரியக் கணக்கு மாதம், மார்ச் நடுவில் பிறந்து ஏப்ரல் நடுவில் முடியும். அதற்குள் உத்திர நட்சத்திரமும் பௌர்ணமியும் அநேகமாக ஒட்டியே வரும். மாதத்தைச் சூரியன் குறிக்க, நாளை நிலா குறிக்கிறது. ஈஸ்டருக்கும் இதே ஏற்பாடுதான், கூடவே ஞாயிறு என்று ஒரு நிபந்தனை அதிகம். திருச்சபை தேடும் பௌர்ணமி மார்ச் 21-லிருந்து ஏப்ரல் 18-க்குள் விழும். ஆகவே பெரும்பாலான வருஷங்களில் பங்குனி உத்திர நிலாவும் பெரிய வார நிலாவும் ஒன்றே. இந்த வருஷமும் அப்படித்தான், இரண்டும் ஒரே வாரத்தில் வருகின்றன.

பௌர்ணமி மார்ச் 21-க்கு முன்னால் வந்துவிட்டால்தான் பிரிகிறது. 2022-ல் மார்ச் 18-ம் தேதியே பங்குனி உத்திரம் வந்துவிட்டது. திருச்சபைக்கு அந்த நிலா செல்லாது. சித்ரா பௌர்ணமி வரை காத்திருந்து ஏப்ரல் 17-ல் ஈஸ்டர் கொண்டாடினோம். எதிர்வீட்டு அக்கா கஞ்சியைத் தாமதமாகக் கொடுத்த வருஷங்களில் அதுவும் ஒன்றாக இருக்கும்.

கேள்வி: எனக்கு ஆகாயம் பார்க்கும் பழக்கம் உண்டு. 2019-ல் மார்ச் 21-ம் தேதி பௌர்ணமி. உங்கள் விதிப்படி அந்த வாரமே, மார்ச் 24-ல் ஈஸ்டர் வந்திருக்க வேண்டும். ஏப்ரல் 21-ல் வந்தது. விதி தவறா, என் கண் தவறா?
– வாசகர், ஏற்காடு

பதில்: இரண்டும் தவறில்லை. இந்த இதழில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி உங்களுடையது.

திருச்சபையின் பௌர்ணமி ஆகாயத்துப் பௌர்ணமி அல்ல. அட்டவணைப் பௌர்ணமி. அதேபோல மார்ச் 21 என்பதும் இளவேனிலில் பகலும் இரவும் சமமாகும் நாளுக்கு அட்டவணை வைத்த தேதிதான். உண்மையில் அந்த நாள் இப்போதெல்லாம் பெரும்பாலும் மார்ச் 20-லேயே வந்துவிடுகிறது. 2019-ல் நம் நேரப்படி மார்ச் 21 விடியற்காலை மூன்றரை மணிவாக்கில் சூரியன் நிலநடுக்கோட்டைக் கடந்தது. அன்று காலை ஏழேகால் மணி சுமாருக்குப் பௌர்ணமி. வானத்துக் கணக்குப்படி விதி பொருந்திவிட்டது. ஆனால் அட்டவணையில் அந்தப் பௌர்ணமி மார்ச் 20 என்று இருந்தது. ஒரு நாள் குறைவு. அட்டவணை அதைத் தள்ளிவிட்டு அடுத்ததை, ஏப்ரல் 18-ஐ எடுத்தது.

ஒரு நாள் வித்தியாசத்தால் நம் ஊரில் என்ன நடந்தது என்று ஞாபகம் இருக்கும். 2019 ஏப்ரல் 18-ல்தான் தமிழ்நாட்டில் நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு. அன்று பெரிய வியாழன். கோவில் வளாகத்துப் பள்ளிக்கூடங்களில் வாக்குச்சாவடி, மாலையில் பாதம் கழுவும் சடங்கு. மதுரையில் அதே நேரம் சித்திரைத் திருவிழா என்பதால் அங்கே வாக்குப்பதிவை இரவு 8 மணி வரை நீட்டினார்கள்.

அட்டவணை எதற்கு, நிலாவையே பார்த்துவிடலாமே என்று கேட்பீர்கள். நிலா எல்லா ஊருக்கும் ஒரே தேதியில் முழுதாவதில்லை. இங்கே வியாழன் விடிந்த பிறகு பௌர்ணமி ஆனால் அமெரிக்காவில் அது இன்னும் புதன் இரவு. கிழமைக் கணக்கில் நடக்கும் திருநாளுக்கு இது பெரிய இடைஞ்சல். அந்தக் காலத்தில் மேகம் மூடினாலும் போச்சு. அட்டவணை இருந்தால் மலைமேல் இருக்கும் கோவிலும் கடலோரக் கோவிலும் ஒருவரை ஒருவர் கேட்காமலே ஒரே நாளில் மணி அடிக்கலாம். எனக்கு இது ஒரு குறையாகவே படவில்லை. எல்லாரும் சேர்ந்து கொண்டாடுவதற்காகச் செய்த ஏற்பாடு இது.

அட்டவணைக்கு அடிப்படை 19 வருஷச் சுழற்சி. 19 வருஷத்தில் 235 நிலா மாதங்கள் ஏறக்குறைய இரண்டு மணி நேர வித்தியாசத்தில் அடங்கிவிடும். கி.மு. 432-ல் ஏதென்ஸ் நகரத்து மெத்தோன் என்பவர் பெயரால் இது வழங்குகிறது. 2007-ல் வந்த அதே அட்டவணைப் பௌர்ணமி தேதிதான் இந்த வருஷமும், ஏப்ரல் 2. கிழமை மட்டும் மாறும்.

ஏற்காட்டில் இருக்கிறீர்கள், உங்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை இரவு கீழ்வானத்தைப் பாருங்கள். அன்றைக்கு நிலா பௌர்ணமியாகவோ பௌர்ணமி கழிந்ததாகவோ இருக்கும், எத்தனை நாள் கழிந்தது என்பது வருஷத்துக்கு வருஷம் மாறும். இந்த வருஷம் இரண்டு நாள்தான் கழிந்திருக்கும். எட்டு மணி சுமாருக்குச் சவுக்கு, சில்வர் ஓக் மரங்களுக்குப் பின்னாலிருந்து எழும்பும். அடுத்த வருஷம் ஐந்து நாள் கழிந்த தேய்பிறை, பாஸ்கா திருவிழிப்பு பூசை முடிந்து வெளியே வரும்போதுதான் கண்ணில் படும். என் பாட்டி அங்கே ஒரு காப்பித் தோட்டத்தில் பழம் பறித்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. பெரிய வாரம் எந்த நிலாவில் வரும் என்று மாசி மாதமே சொல்லிவிடுவார். கோடை மழை முந்திக்கொண்டு ஈஸ்டர் பிந்தினால் காப்பிச் செடி வெள்ளையாகப் பூத்து, கோவிலுக்குப் போகிற வழியெல்லாம் மல்லிகை வாசம் அடிக்கும் என்பார்.

கேள்வி: ரம்ஜானும் நிலாவைப் பார்த்துத்தான் வருகிறது. அது எல்லா மாதத்திலும் சுற்றிவருகிறது. ஈஸ்டர் மட்டும் ஏன் மார்ச், ஏப்ரலைத் தாண்டுவதில்லை?
– வாசகர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: இஸ்லாமிய நாட்காட்டி முழுக்க நிலாக் கணக்கு. அந்த 11 நாள் துண்டை அவர்கள் ஈடுகட்டுவதில்லை, அதனால் நோன்பு சுமார் 33 வருஷத்தில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடும். ஈஸ்டர் கணக்கில் தேவைப்படும்போது ஒரு நிலா மாதத்தைக் கூட்டிக்கொள்கிறோம். இந்த வருஷம் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனும் ரம்ஜான் நோன்பின் தொடக்கமும் பிப்ரவரியில் ஒரே வாரத்தில் வந்தன. இது அடிக்கடி அமையாது.

கேள்வி: என் மகள் ஜார்ஜியா நாட்டில் மருத்துவம் படிக்கிறாள். அங்கே ஈஸ்டர் ஏப்ரல் 12 என்கிறாள். நமக்கு 5. ஒரே ஆண்டவருக்கு இரண்டு உயிர்ப்பா?
– ஒரு தாய், அஸ்தம்பட்டி

பதில்: உயிர்ப்பு ஒன்றுதான் அம்மா, நாட்காட்டி இரண்டு. ஜூலியஸ் சீசர் காலத்து நாட்காட்டி, வருஷம் என்றால் 365 நாளும் 6 மணி நேரமும் என்று வைத்தது. உண்மையில் 11 நிமிடம் குறைவு. சின்னத் தொகைதான், ஆனால் 128 வருஷத்துக்கு ஒரு நாள் வீதம் சேர்ந்துவிடும். 1582 வாக்கில் இளவேனில் சமநாள் மார்ச் 21-லிருந்து 11-க்கு வந்துவிட்டது. இத்தாலியின் கலாபிரியாவைச் சேர்ந்த லிலியுஸ் என்ற மருத்துவர் திருத்தம் ஒன்றை வகுத்தார். அவர் இறந்த பிறகு கிளாவியுஸ் என்ற இயேசு சபைக் குரு அதை விளக்கி நிலைநாட்டினார். திருத்தந்தை 13-ம் கிரகோரி ஆணையிட, அந்த வருஷம் அக்டோபர் 4 வியாழனுக்கு அடுத்த நாள் அக்டோபர் 15 வெள்ளி ஆயிற்று. பத்து தேதிகளை எடுத்துவிட்டார்கள், கிழமை வரிசையைத் தொடவில்லை. ஞாயிறு தப்பக் கூடாது அல்லவா!

கிழக்கத்திய மரபைச் சேர்ந்த ஆர்த்தடாக்ஸ் சபைகளில், ஜார்ஜியா சபை உள்பட, பெரும்பாலானவை ஈஸ்டருக்குப் பழைய கணக்கையே வைத்திருக்கின்றன. இன்று இரண்டு நாட்காட்டிக்கும் இடையே 13 நாள். அதனால் அவர்கள் ஈஸ்டர் நம்மோடு சேர்ந்து வரும், அல்லது ஒரு வாரமோ, நான்கு, ஐந்து வாரங்களோ பிந்தும். இந்த வருஷம் ஒரு வாரம். 2025-ல் இரு தரப்பாரும் ஒரே நாளில் கொண்டாடினோம். அது நிசேயா சங்கத்தின் 1700-வது ஆண்டாகவும் அமைந்தது. 2028-லும் ஏப்ரல் 16-ல் சேர்ந்தே வருகிறது. சேலத்தில் இருக்கும் மலையாளி ஆர்த்தடாக்ஸ் குடும்பங்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். கேரளத்தில் அவர்கள் சபை புதிய கணக்குக்கு வந்துவிட்டது, நமக்கும் அவர்களுக்கும் ஒரே நாள். மகளை 5-ம் தேதி விடுதியில் ஜெபம் செய்யச் சொல்லுங்கள், 12-ம் தேதி தோழிகளோடு கோவிலுக்குப் போகட்டும்.

கேள்வி: அட்டவணை இல்லாமல் நாங்களே கணக்குப் போட முடியுமா டீச்சர்?
– பத்தாம் வகுப்பு மாணவன், ஏற்காடு

பதில்: முடியும். வேலையில் இருந்தபோது மார்ச் மாதம் ஒரு வகுப்பை இதற்கே ஒதுக்கிவிடுவேன். மீதி கண்டுபிடிக்கும் கணக்கைப் பிள்ளைகள் இவ்வளவு ஆசையாக வேறெதற்கும் போட்டதில்லை.

வருஷத்தை 19-ஆல் வகுத்து மீதியை எடு. 2027 என்றால் மீதி 13. அதை 19-ஆல் பெருக்கு, 247. 24-ஐக் கூட்டு, 271. 30-ஆல் வகுத்து மீதியை எடு, 1. அந்த 1-ஐ மார்ச் 21-உடன் கூட்டினால் மார்ச் 22. அதுதான் பௌர்ணமி. அது திங்கள். அடுத்த ஞாயிறு மார்ச் 28, ஈஸ்டர். முடிந்தது.

19-ஆல் ஏன் பெருக்குகிறோம்? நிலா வருஷத்துக்கு 11 நாள் முன்னே வருகிறது என்றேன் இல்லையா, 30-ஐச் சுற்றும் கணக்கில் 11-ஐக் கழிப்பதும் 19-ஐக் கூட்டுவதும் ஒன்றே. யோசித்துப் பார், புரியும். 24 என்பது 1900-லிருந்து 2199 வரைக்கும் செல்லும் திருத்தம். இரண்டே விலக்கு: கடைசி மீதி 29 வந்தால் 28 என்று வைத்துக்கொள். 28 வந்து, முதல் மீதி 10-க்கு மேல் இருந்தால் 27. இதை வைத்து 2038-ஐப் போட்டுப் பார். ஏப்ரல் 18 பௌர்ணமி வரும், அது ஞாயிறாக இருக்கும், ஆகவே 25-ம் தேதிக்குத் தள்ளும். நான் முதலில் சொன்ன அந்த அபூர்வத் தேதி இப்படித்தான் உண்டாகிறது.

கேள்வி: ஏப்ரலில் ஏதாவது ஒரு ஞாயிறு என்று நிரந்தரமாக வைத்துவிட்டால் பள்ளிக்கூடம், பரீட்சை, பேருந்து, விடுமுறை எல்லாருக்கும் வசதிதானே?
– வாசகர், நாலு ரோடு, சேலம்

பதில்: வசதிதான். பிரிட்டனில் 1928-ல் சட்டமே போட்டார்கள், ஏப்ரல் இரண்டாம் சனிக்கு அடுத்த ஞாயிறு என்று. அது இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. மற்றக் கிறிஸ்தவ சபைகளும் சம்மதித்தால் ஒரு குறிப்பிட்ட ஞாயிற்றை வைப்பதில் மறுப்பில்லை என்று 1963-ல் கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் சொன்னது. 1997-ல் சிரியாவின் அலெப்போ நகரில் கூடிய பல சபையார் வேறு வழி சொன்னார்கள்: விதி அப்படியே இருக்கட்டும், பௌர்ணமியையும் சமநாளையும் எருசலேம் நேரப்படி உண்மையான வானவியலால் கணக்கிடுவோம், எல்லாரும் ஒன்றாகக் கொண்டாடலாம் என்று. ஏற்காட்டு வாசகர் கேட்ட 2019 அந்த முறையில் மார்ச் 24 ஆகியிருக்கும்.

என் மனசு அலெப்போ பக்கம்தான். கிறிஸ்தவர்கள் எல்லாரும் ஒரே நாளில் அல்லேலூயா பாட வேண்டும் என்பது நிசேயா காலத்து ஆசை, அது நிறைவேற வேண்டும். ஆனால் அதற்கு விலையாக நிலாவைக் கொடுத்துவிடக் கூடாது. பரீட்சை அட்டவணை மாறும், பேருந்து நேரம் மாறும். பெரிய வியாழன் இரவு கெத்சமனித் தோட்டத்தில் ஆண்டவர் ஜெபித்தபோது மேலே நின்றது பாஸ்கா நிலா. நற்கருணைப் பவனி முடிந்து மாற்றுப் பீடத்தின் முன் விழித்திருந்துவிட்டு வெளியே வரும்போது அதே நிலா நம் தலைக்கு மேலும் நிற்கிறது. விடுமுறை வசதிக்காக அதை விட எனக்கு மனம் வராது.

கேள்வி: மகனுக்குப் பெண் பார்த்து முடித்துவிட்டோம். தவக்காலத்தில் திருமணம் வைக்க மாட்டார்கள் என்பதால் தேதி குறிக்கத் தடுமாறுகிறோம். 2027-ஆ, 2028-ஆ?
– வாசகி, அரிசிப்பாளையம்

பதில்: வாழ்த்துகள்! ஈஸ்டரிலிருந்து 46 நாள் பின்னோக்கி எண்ணினால் சாம்பல் புதன் வந்துவிடும். 40 நாள் தபசு, நடுவில் வரும் ஞாயிறுகள் ஆறு. 2027-ல் சாம்பல் புதன் பிப்ரவரி 10. பொங்கல் முடிந்து மூன்று ஞாயிறு கோவிலில் திருமண அறிவிப்பான ஓலை வாசித்தால் பிப்ரவரி முதல் வாரம் ஆகிவிடும், பிறகு கையில் சில நாட்களே மிஞ்சும். டிசம்பரிலேயே ஓலை கொடுக்க முடியுமானால் தை மாதத்திலேயே நடத்தலாம். இல்லையென்றால் ஈஸ்டர் மார்ச் 28-ல் முடிந்துவிடுவதால் ஏப்ரல் முதல் வாரத்திலிருந்து தாராளமாக வைக்கலாம். 2028-ல் சாம்பல் புதன் மார்ச் 1. தை முழுக்கவும், மாசியில் பாதியும் உங்களுக்குத் திறந்தே இருக்கிறது. அவசரம் இல்லையென்றால் நான் 2028 என்பேன். எதற்கும் பங்குத்தந்தையை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மண்டபத்துக்கு முன்பணம் கொடுங்கள்.